அரக்கும் கல்லும் பாடிய பாட்டு

உடைந்த கிராமபோன் தட்டு ஒன்றின் விளிம்பைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மேற்பரப்பு எண்ணெய் தடவிய தலைமுடிபோல மினுமினுக்கும். உடைந்த வாய் மட்டும் மங்கலாக, பொரபொரப்பாக, சிலேட்டுப் பலகை உடைந்ததைப்போல இருக்கும். அதில் வியப்பில்லை, அது பெரும்பாலும் கல்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தப் பழைய தட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரக்கு. மீதியில் பெரும்பகுதி மாவாக அரைத்த சிலேட்டுக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். கொஞ்சம் பஞ்சு இழை, கறுப்பு நிறத்துக்குக் கரிப்பொடி. எல்லாவற்றையும் சூடாக்கிப் பிசைந்து அச்சில் அழுத்தி எடுத்தால் பாட்டு தயார்.

பெரம்பலூரில் இருக்கும் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். அவருடைய தாத்தா ஒரு காலத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்று சுற்றுப்பட்ட ஊர்களிலெல்லாம் புளியமரத்து உச்சியில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்.

"அப்போ எங்க தாத்தா பாட வெச்சது சுண்ணாம்புக்கல்லையா அண்ணே? அரியலூர் ரோட்டுல லாரி லாரியாப் போகுதே, அந்தக் கல்லையா?"

"அந்தக் கல்லோட பங்காளிய" என்றேன்.

தாத்தா விட்டுப்போன தட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்க ஒரு டர்ன்டேபிள் வாங்க வேண்டும். யாரைக் கேட்டாலும் ஒரு கம்பெனிப் பெயரையும் ஒரு விலையையும் சொல்கிறார்களாம். "நீங்க சொல்லுங்க, எந்த மிஷின் வாங்கலாம்?" என்று கேட்டார். மிஷினை அப்புறம் பார்ப்போம், முதலில் பெட்டியைத் திற என்றேன். ரிக்கார்டு பிளேயரை வாங்குவதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, பெட்டியின் அழகில் தொடங்கி ஊசியில் முடிப்பது. தொடங்க வேண்டிய இடம் ஊசி முனை. அந்த முனை எந்தப் பள்ளத்தில் இறங்கப்போகிறது, எவ்வளவு நேரம், எந்த வீட்டில் என்று தெரிந்துவிட்டால் மிஷின் தானே தேர்வாகிவிடும்.

கடலில் சுருண்டதும் தட்டில் சுருண்டதும்

ஒரு எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை தடங்கள் இருக்கும்? நூற்றுக்கணக்கில் என்று தோன்றும். உண்மையில் ஒன்றே ஒன்றுதான். வெளி விளிம்பில் தொடங்கும் ஒரே பள்ளம், சுற்றிச் சுற்றி உள்ளே வந்து லேபிளருகே முடிகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் இருபது நிமிடத்துக்கு 667 சுற்று. அந்தப் பள்ளத்தை நூல்போலப் பிரித்து நீட்டினால் சுமார் 430 மீட்டர் வரும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே சராசரி இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு.

அரியலூர்க்காரர்களுக்கு வேறொரு சுருளும் தெரியும். காரை, குளக்கல்நத்தம் பக்கத்து ஓடைகளிலும் சரிவுகளிலும் கல்லாகிக் கிடக்கும் அம்மோனைட். கிரிட்டேசியஸ் காலத்தில் இந்த மண்ணின் மேல் கடல் கிடந்தபோது அதில் நீந்திய உயிர். வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் ரிக்கார்டு நினைவு வரும். ஆனால் இரண்டும் ஒரே சுருள் அல்ல. அம்மோனைட் வளர வளர அதன் வீடும் பெருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட ஒரே விகிதத்தில் அகன்றுகொண்டே போகும். தட்டின் சுருள் கோரைப்பாயைச் சுருட்டி நிறுத்திப் பார்த்தால் தெரிகிற சுருள். பாயின் கனம் மாறாததால் சுற்றுக்குச் சுற்று இடைவெளியும் ஏறக்குறைய மாறாது. ஓசை பெருக்கும் இடங்களில் மட்டும் தடங்கள் சற்று விலகிக்கொள்ளும்.

இந்த வேறுபாடு வெறும் கணக்கு அல்ல, காதில் கேட்கும் விஷயம். எல்.பி.யின் வெளிச்சுற்றில் ஊசிக்கு அடியில் ஒரு நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்சுற்றில் வெறும் 21 சென்டிமீட்டர். சுழலும் வேகம் ஒன்றுதான், சுற்றின் அளவுதான் குறைந்துவிட்டது. அதாவது முதல் பாட்டுக்கு அகலமான வயல், கடைசிப் பாட்டுக்குக் குறுகிய வரப்பு. நொடிக்குப் பத்தாயிரம் முறை அதிரும் கூரான ஓசை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் எழுதப்பட்டிருக்கும். உள்ளே அது 21 மைக்ரானில் நெருங்கி நிற்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான்.

சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரம் 18 மைக்ரான். வெளிச்சுற்றில் அது தாராளமாக வளைந்து நெளிந்து போகும். உள்சுற்றின் நெருக்கமான நெளிவுகளுக்குள் அதனால் முழுசாகப் புக முடியாது. குறுகிய சந்தில் லாரி திரும்புவதுபோல் இரண்டு பக்கமும் உரசும். பாட்டின் ச, ஸ, ஷ எழுத்துகளெல்லாம் "ஷ்ஷ்" என்று சிதறுவது இங்கேதான். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் ஏன் எப்போதும் கரகரக்கிறது என்று தட்டைக் குறை சொன்னவர்கள் பலர். தட்டு என்ன செய்யும்? நீள்வட்ட முனை ஊசிக்குப் பக்கவாட்டு ஆரம் சுமார் 8 மைக்ரான்தான். அதே கடைசிப் பாட்டு அதில் தெளிந்துவிடும்.

ஆகவே கேட்கும் பழக்கம் பற்றிய முதல் கேள்வி இது. தட்டை முதல் பாட்டோடு நிறுத்துகிறவரா, கடைசிவரை கேட்கிறவரா? கடைசிவரை உட்கார்பவர், அதிலும் கச்சேரித் தட்டில் கல்பனாஸ்வரம் ஏறி உச்சிக்குப் போகும் இடத்துக்காகவே காத்திருப்பவர், மிஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நீள்வட்ட ஊசிக்குத் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

பெட்டியில் என்ன இருக்கிறது?

தம்பியின் முதல் பெட்டியைத் திறந்தால் கனமான 78 தட்டுகள். பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் ஓடுபவை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசிக்கும் தோடியைக்கூட இந்தச் சில நிமிடக் கூட்டுக்குள்தான் அடக்கிக் கொடுத்தார்.

தட்டின் அரக்குக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையின் அரக்கும், பதிவுத் தபாலில் முத்திரை வைத்த அரக்கும், இந்தத் தட்டின் அரக்கும் ஒன்றே. மரக்கிளையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்துக்குப் பெருமளவு அரக்கு போனது இந்தியாவின் சோட்டாநாகபுரிக் காடுகளிலிருந்து. அதை ஆராய 1924-ல் ராஞ்சி அருகே நாம்கும்மில் ஒரு நிலையமே வைத்தார்கள். 1902-ல் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து முதன்முதலாக இந்தியப் பாடகர்களைப் பதிவு செய்தபோது, அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகின. அரக்கு இங்கிருந்து கப்பலேறியது, பாட்டாகத் திரும்பி வந்தது. 1908-ல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான் இந்தச் சுற்றுவழி முடிந்தது.

கல்மாவு கலந்தது வெறும் செலவுக் குறைப்பு என்று எண்ணிவிடக்கூடாது. சாவி கொடுத்து ஓட்டும் அன்றைய கிராமபோன் பெட்டியின் ஒலித்தலை நூறு கிராமுக்கும் மேல் எடையோடு எஃகு ஊசியை அழுத்திக்கொண்டிருக்கும். வெறும் அரக்கு அதைத் தாங்காது. கல் சேர்ந்ததால் தட்டு தாங்கியது. அதோடு, புது ஊசி இறங்கிய முதல் சில சுற்றுகளிலேயே கல்மாவு அதை அரம்போல ராவி, பள்ளத்தின் வடிவத்துக்குச் செதுக்கிவிடும். ஊசிதான் தேய வேண்டும், தட்டு நிலைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால்தான் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றினார்கள். தீப்பெட்டி அளவு தகர டப்பாவில் ஊசி விற்றதன் ரகசியம் இதுவே.

உலகம் எல்.பி.க்கு மாறிய பிறகும் இந்தியா 78-ஐ விடவில்லை. 1948-ல் கொலம்பியா நிறுவனம் அமெரிக்காவில் எல்.பி.யை அறிமுகப்படுத்தியது, 1949-ல் ஆர்.சி.ஏ. 45 சுழற்சித் தட்டைக் கொண்டுவந்தது. ஆனால் மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுக்கும் பெட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. 1960களில் பீட்டில்ஸ் பாட்டைக்கூட 78 தட்டில் அச்சடித்த நாடு இது. அவற்றை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அதே காலத்துத் தமிழ்ப் படப்பாடல் 78 வடிவில் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்தப் பெட்டி இருப்பவர் கடையில் முதலில் கேட்க வேண்டியது "78 வேகம் இருக்கா?" என்பது. இப்போது வரும் பல மிஷின்களில் 33, 45 என்று இரண்டு வேகம்தான். அடுத்தது ஊசி. 78-இன் பள்ளம் அகலமானது, அதற்குச் சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும். எல்.பி. ஊசியை அதில் இறக்கினால் வாய்க்காலில் உருளும் கோலிக்குண்டுபோல அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தாலோ பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே சவாரி செய்து தட்டைக் கெடுக்கும். பழைய பிளேயர்களின் தலையில் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. என்று எழுதியிருக்கும். புரட்டினால் ஊசி மாறும். அந்த எளிய ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். இன்று ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜோடு தலையைக் கழற்றி மாற்றும் வசதியுள்ள மிஷினாகப் பார்த்து வாங்கினால் அதே வேலை நடக்கும். சாவிப் பெட்டியில் மட்டும் ஒருபோதும் எல்.பி.யைப் போடாதீர்கள். நூறு கிராம் எடை பிளாஸ்டிக் பள்ளத்தை உழுதுவிடும்.

இரண்டாவது பெட்டியில் எல்.பி.களும் சிறிய ஈ.பி.களும். நாய் படம் போட்ட எச்.எம்.வி., கொலம்பியா, பாலிடார், இன்ரெகோ, எக்கோ என்று லேபிள்கள். இவற்றில் ஐம்பது, அறுபதுகளில் பதிவானவை பெரும்பாலும் மோனோ. மோனோவில் ஊசி இடம் வலமாக மட்டுமே அசையும். ஸ்டீரியோவில் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் தனித்தனியே பாடும். ஒரு சுவர் இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. ஆங்கிலேயர் ஆலன் புளும்லைன் 1931-லேயே காப்புரிமை கேட்டு எழுதிவைத்த யோசனை இது, கடைக்கு வர 1950களின் இறுதி ஆகிவிட்டது. இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. மோனோ தட்டைப் போடும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். ஊசியை மேலும் கீழும் குலுக்கும் தூசிச் சத்தம் இரண்டு சுவர்களிலும் எதிரெதிராக வருவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். இடம் வலமாக வரும் பாட்டு அப்படியே நிற்கும். பழைய பாட்டே கதி என்றிருப்பவர் இந்தப் பொத்தானைப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்.

மூன்று விதமாகச் சுற்றலாம்

தட்டைச் சுழற்ற மூன்று வழிகள். மூன்றும் மூன்று விதமான கேட்பவர்களுக்கு.

முதலாவது ரப்பர் சக்கரம். மோட்டாரின் தண்டு ஒரு ரப்பர் சக்கரத்தை உருட்ட, அது சுழல்மேடையின் உள்விளிம்பை உந்தும். சுவிட்சைப் போட்டதும் வேகம் பிடித்துவிடும். சவுண்ட் சர்வீஸ்காரருக்கு இதுதான் வேண்டும். பெண் அழைப்பு வாசலுக்கு வரும் நொடியில் பாட்டு எழ வேண்டுமே! 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலியைப் போன்ற நிலையங்களுக்கும் அறிவிப்பு முடிந்த கணத்தில் இசை வர வேண்டும். 1950களில் இங்கிலாந்தில் வந்த கேரார்ட் 301 இந்த வகையில் பேர்போனது. குறை என்னவென்றால், மோட்டாரின் நடுக்கமும் சக்கரத்தின் வழியாக ஊசிவரை ஏறி, அடியில் ஓர் உறுமலாகக் கேட்கும். திருவிழாக் கூட்டத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது? நள்ளிரவில் வீணை கேட்பவருக்குத் தெரியும்.

இரண்டாவது பெல்ட். மோட்டார் ஓரமாக நிற்கும். மெல்லிய ரப்பர் பெல்ட் ஒன்று மேடையை இழுத்துச் சுற்றும். நடுக்கத்தைப் பெல்ட் விழுங்கிவிடும். வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும், சில ஆண்டுகளில் பெல்ட் தளரும், மாற்ற வேண்டும். அவசரமில்லாமல் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்பவருக்கு ஏற்றது இது.

மூன்றாவது நேரடிச் சுழற்சி. மோட்டாரின் அச்சே மேடையின் அச்சு. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970-ல் எஸ்.பி.-10, 1972-ல் எஸ்.எல்.-1200 என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. உடனே கிளம்பும், வேகம் பிசகாது. நியூயார்க் இளைஞர்கள் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி ஒரு புது இசையையே உண்டாக்கியது இந்த வகை மிஷினில்தான்.

வேகம் பிசகாமல் இருப்பது நம் இசைக்கு மிக முக்கியம். தாளவாத்தியம் நிறைந்த குத்துப்பாட்டில் அரை சதவீத ஏற்ற இறக்கம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். நாகஸ்வரத்தில் ஒரு கார்வை, பின்னால் சுருதிப்பெட்டி என்று இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தட்டின் நடு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தாலே போதும். ஸ்வரம் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 நொடிக்கு ஒருமுறை, ஏறி இறங்கும். வித்வான் போடாத கமகத்தை மிஷின் போடும்! ஆகவே கச்சேரிப் பிரியர்கள் கடைக்குப் போகும்போது நீண்ட கார்வை உள்ள ஒரு தட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. எந்த விளம்பரத் தாளைவிடவும் அது உண்மை பேசும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. "மச்சான் சவுதியிலேர்ந்து வரும்போது ஒண்ணு கொண்டாரேன்னு சொல்றாரு" என்றார் தம்பி. கவனம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிப்பது. சவுதியிலும் அமெரிக்காவிலும் 60 முறை. பழைய பிளேயர்கள் பலவற்றின் மோட்டார் இந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். 60-க்குச் செய்த மிஷினை 50-இல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் கிடைக்கும். ஐந்து கட்டையில் பாடிய அம்மா மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். மூன்று நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் முப்பத்தாறு நொடி ஓடும். சிங்கப்பூர் மிஷினில் இந்தத் தொல்லை இல்லை, அங்கும் 50. நேர்மின்னோட்ட மோட்டாரோ குவார்ட்ஸ் கட்டுப்பாடோ உள்ள மிஷின் எந்த ஊரிலிருந்து வந்தாலும் வேகம் மாறாது.

வேகம் சரியா என்று பார்க்க மேடை விளிம்பில் புள்ளிகளோ கோடுகளோ இருக்கும். 50 துடிப்பு மின்சாரத்தில் பழைய குண்டு பல்பும் டியூப் லைட்டும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. மேடையைச் சுற்றி 180 கோடுகள் போட்டால், 33⅓ வேகத்தில் ஒவ்வொரு மினுக்கலுக்கும் சரியாக ஒரு கோடு நகர்ந்து அடுத்த கோட்டின் இடத்தில் வந்து நிற்கும். மேடை சுழன்றுகொண்டிருக்க, கோடுகள் மட்டும் அசையாமல் உறைந்துபோய் நிற்பதைக் காணலாம். வேகம் குறைந்தால் அவை பின்னோக்கி ஊரும். காசு செலவில்லாத கண்கட்டு வித்தை.

இரண்டு கிராமும் ஒரு வைரமும்

ஊசி அசைவதை மின்சாரமாக்குவது கார்ட்ரிட்ஜ். மலிவான பிளேயர்களில் இருப்பது பீங்கான் வகை. சில படிகங்களை நெருக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்ற குணத்தில் ஓடுவது. நிறைய மின்னழுத்தம் தரும், தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் ஐந்து கிராம் அளவுக்கு அழுத்திக்கொண்டு போகும். காந்த வகை ஒன்றரை, இரண்டு கிராம் எடையில் மிதந்து போகும். இரண்டு கிராம்தானே என்று நினைக்காதீர்கள். அது நிற்கும் இடம் சில மைக்ரான் அகலம். அழுத்தத்தைக் கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்குச் சில டன் வருகிறது. வைரம் தவிர வேறெது தாங்கும்?

காந்த வகை தரும் மின்னழுத்தம் சுமார் ஐந்து மில்லிவோல்ட். சுவர்க்கடிகாரத்தில் போடும் செல்லில் முந்நூறில் ஒரு பங்கு. அதைப் பெருக்க வேண்டும், கூடவே ஒரு திருத்தமும் செய்ய வேண்டும். தவிலின் தொப்பிப் பக்கத்திலிருந்து வரும் கனத்த ஓசையை உள்ளபடியே வெட்டினால் தடம் பக்கத்துத் தடத்தின் மேல் ஏறிவிடும். அதனால் கனத்த ஓசைகளைக் குறைத்தும், கூரான ஓசைகளைக் கூட்டியும்தான் தட்டை வெட்டுகிறார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பெயரில் 1954-ல் பொதுவாக ஏற்றுக்கொண்ட அந்த அளவுப்படி, 50 ஹெர்ட்ஸ் ஓசை நடு ஓசையோடு ஒப்பிட ஏழில் ஒரு பங்காகக் குறுகும். பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஐந்து மடங்கு நெருங்கப் பெருகும். கேட்கும்போது இதைத் தலைகீழாக்குவது ஃபோனோ பகுதியின் வேலை. அது இல்லாமல் சாதாரண ஆக்ஸ் துளையில் செருகிவிட்டு, "சத்தமே வரல, தகர டப்பா மாதிரி இருக்கு" என்று புலம்புவோர் உண்டு. பிளேயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ ஃபோனோ என்ற சொல் எங்காவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வைர ஊசியும் தேயும். 500 முதல் 1000 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. பக்கத்துக்கு 430 மீட்டர் வீதம் ஆயிரம் மணி நேரத்தில் அந்தத் துளி வைரம் சுமார் 1300 கிலோமீட்டர் நடந்திருக்கும். அரியலூரிலிருந்து சென்னைக்கு இரண்டு முறை போய்த் திரும்புவதற்கும் மேல். தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் ஒன்றரை முதல் மூன்று வருடத்தில் ஊசி மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்பவருக்குப் பத்து வருடம்கூட ஓடலாம். தேய்ந்த ஊசி உளிபோலாகி, திரும்பக் கிடைக்காத தட்டுகளைச் சீவிவிடும். எனவே மாற்று ஊசி எளிதில் கிடைக்கும் மிஷினா என்பது மிஷினின் விலையைவிடப் பெரிய கேள்வி.

பழைய பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போகிறவரா நீங்கள்? அப்படியானால் பக்கம் முடிந்ததும் கையைத் தானே தூக்கி நிறுத்தும் தானியங்கி மிஷின் வாங்குங்கள். இல்லையென்றால் விடிய விடிய ஊசி கடைசிச் சுற்றிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே தட்டில் இந்தப் பாட்டு, அந்தப் பாட்டு என்று தாவுகிறவருக்குக் கையை மெதுவாக ஏற்றி இறக்கும் நெம்புகோல் வேண்டும். விரலால் வைக்கும்போது நடுங்கினால் கீறல் விழும். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே பேச்சைப் பேசுகிறான் என்கிறோமே, அதன் இயந்திர விளக்கம் எளிது. கீறல் ஒரு குறுக்கு வரப்பு. ஊசி அதில் மோதி ஒரு சுற்று பின்னுக்குப் போகிறது, 1.8 நொடியில் மீண்டும் அதே வரப்புக்கு வருகிறது.

லாரி, தூசி, வெயில்

மிஷின் வாங்கியாயிற்று, எங்கே வைப்பது? சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் போகும் சாலையோரத்து வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. நன்றாகக் கேட்கும் ஓசைக்கு ஊசி அசைவது சில மைக்ரான். மெல்லிய ஓசைக்கு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லாரி போகையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்றால், ஊசிக்கு அது பூகம்பம்.

மாட்டுவண்டியில் பானை ஏற்றுகிறவர்கள் அடியில் வைக்கோல் பரப்புவார்கள். அதே தந்திரம்தான் இங்கும். கனமான கடப்பைக் கல் பலகை ஒன்று, அதன் அடியில் காற்றுக் குறைவாக அடித்த சைக்கிள் டியூப். கல்லின் கனமும் டியூபின் மென்மையும் சேர்ந்து, வேகமான அதிர்வுகளை மேலே ஏறவிடாமல் விழுங்கும். கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக்கல் வகைதான் என்பது கூடுதல் பொருத்தம். ஸ்பீக்கரை அதே பலகையில் வைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வை ஊசி வாங்கி, அதை ஸ்பீக்கர் மீண்டும் பெருக்கி, கடைசியில் ஊளைதான் மிஞ்சும்.

தூசிக்கு ஒரு மூடி கட்டாயம் வேண்டும். எல்.பி. பள்ளத்தின் மேல்வாய் 50, 60 மைக்ரான். சிமென்ட் துகள்களில் பெரும்பாலானவை 90 மைக்ரான் சல்லடையில் நழுவிவிடுபவை. அளவெடுத்துச் செய்ததுபோல் பள்ளத்துக்குள் போய் உட்காரும். தெருப்புழுதியில் இருக்கும் மணல்துகளோ பிளாஸ்டிக்கைவிட மிகக் கடினம். அதை ஊசி அழுத்தினால் கீறல்தான். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்.பி.யின் பிளாஸ்டிக் அறுபது டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். சித்திரை மாதத்தில் பூட்டிய காருக்குள் விட்டுப்போன தட்டு அப்பளம்போல வளைந்துவிடும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம்போல நிறுத்தி வைப்பதும் இதற்காகத்தான்.

பெட்டி சொன்ன பதில்

அன்று மாலை தம்பி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, தட்டுகளை மூன்று குவியலாகப் பிரித்தோம். 78 தட்டுகள் ஒருபுறம், எல்.பி.கள் ஒருபுறம், ஈ.பி.கள் ஒருபுறம். பாதிக்கு மேல் 78. எப்போது கேட்பாய் என்றேன். ராத்திரி, பிள்ளைகள் தூங்கினபிறகு என்றார். முழுசாகவா, ஒவ்வொரு பாட்டாகவா? முழுசாக. விடை வந்துவிட்டது. மூன்று வேகம், பெல்ட், கழற்றி மாற்றும் தலை, இரண்டு ஊசிகள், மோனோ பொத்தான் உள்ள ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் பெரிதாக வேண்டாம், ஊருக்குக் கேட்க வேண்டிய காலம் தாத்தாவோடு முடிந்தது.

சில வாரம் கழித்துப் போனபோது எல்லாம் வந்திருந்தன. ஒரு 78 தட்டை வைத்து, ஊசியை இறக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. குனிந்து தட்டருகே காதை வை என்றேன். சாலையில் லாரி ஒன்று போய் ஓய்ந்தது. அப்புறம் கொசு பாடுவதுபோல, ஆனால் ஸ்ருதி சுத்தமாக, ஊசியின் நுனியிலிருந்தே பாட்டு வந்தது. மின்சாரம் அதைப் பாட வைக்கவில்லை. பள்ளம் ஊசியை ஆட்டியது, ஊசி காற்றை ஆட்டியது, அவ்வளவுதான்.

தம்பி நிமிரவே இல்லை. "கல்லு பாடுது அண்ணே" என்றார்.